கோழித் தீவனத்தில் வைட்டமின் ஏ அளப்பது எப்படி

முட்டைக்கோழித் தீவனத்தில் வைட்டமின் ஏ மாவுபோல் பரவி நிற்பதில்லை. ஜெலட்டின் பூசிய நுண்ணிய மணிகளுக்குள் ரெட்டினைல் அசிடேட் என்ற வைட்டமின் ஏ வடிவமாக அடைபட்டிருக்கிறது. கிலோவுக்கு 10,000 ஐயு (வைட்டமின் அளவிடும் சர்வதேச அலகு) கலந்த தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு 10 லட்சம் ஐயு கொண்ட சரக்கைப் போட்டிருந்தால், ஒரு கிலோவுக்குள் போயிருப்பது வெறும் 10 மில்லிகிராம். மணியின் விட்டம் 0.3 மி.மீ. என்றால் 20 கிராம் தீவனத்தில் ஏறக்குறைய 12 மணிகள்தான் தேறும். அப்படியே அள்ளி எடை போட்டால் ஒரு தடவை 8 மணி வரும், அடுத்த தடவை 16 வரும். இரண்டும் ஒரே மூட்டை. எவ்வளவு விலையுள்ள எச்பிஎல்சியாலும் (கரைசலின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) இந்தப் பிழையைத் திருத்த முடியாது.

ஆகவே வேலை மூட்டையில் தொடங்குகிறது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தூசி போட்டு எடுங்கள். எல்லாவற்றையும் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அரைக் கிலோ வரை குறையுங்கள். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத பையில் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்த அரைக் கிலோ முழுவதையும் 1 மி.மீ. சல்லடையில் விழும்படி அரைக்க வேண்டும். விட்டு விட்டு அரையுங்கள், மாவு சூடாகக் கூடாது. அரைத்ததும் சில மணிகள் உடைந்து வைட்டமின் காற்றோடு உறவாடத் தொடங்கிவிடும். இன்று அரைத்து நாளை எடை போடுவது வேண்டாம்.

இனி எல்லாமே பழுப்புக் கண்ணாடியில், அல்லது அலுமினியத் தாள் சுற்றிய கண்ணாடியில். ஜன்னல் வெயிலில் ரெட்டினால் (அளக்கப்போகும் வைட்டமின் ஏ) வடிவம் மாறும், சிதையும்.

அரைத்த தீவனம் 20 கிராமை 500 மி.லி. குடுவையில் போட்டு 130 மி.லி. எத்தனால், 100 மி.கி. பிஎச்டி (BHT, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்), 10 சத சோடியம் அஸ்கார்பேட் கரைசல் 2 மி.லி., 0.5 மோலார் சோடியம் சல்ஃபைடு 2 மி.லி. சேருங்கள். சல்ஃபைடை விட்டுவிடாதீர்கள். தாதுக் கலவையிலிருந்து வரும் செம்பு ரெட்டினாலின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும்; சல்ஃபைடு அதைப் பிடித்துக்கொள்ளும். கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைக்கும் குழாய்) பொருத்தி, கொதிக்கும் நீர்த்தொட்டியில் 5 நிமிடம். பிறகு 50 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி.யைக் கண்டென்சரின் மேல்வாயிலிருந்து மெதுவாக ஊற்றி, நைட்ரஜன் லேசாக ஓட, இன்னும் 25 நிமிடம். இந்தச் சூட்டிலும் காரத்திலும்தான் ஜெலட்டின் கரைகிறது, அசிடேட் ரெட்டினாலாக மாறுகிறது. குடுவையை அவ்வப்போது சுழற்றுங்கள். ஓரத்தில் ஒட்டி நிற்கும் தீவனத்துக்குள் மணி முழுசாகவே இருந்துவிடும், முடிவு குறையும்.

ஆறியதும் 1 லிட்டர் பிரிபுனலுக்கு (அடுக்குகளைப் பிரிக்கும், கீழே குழாய்த் திறப்புள்ள புனல்) மாற்றுங்கள். கழுவுவதற்கும் சேர்த்து 250 மி.லி. நீர் போதும். 40–60 டிகிரி கொதிநிலையுள்ள பெட்ரோலியம் ஈதர் 125 மி.லி. வீதம் மூன்று தடவை பிரித்தெடுங்கள். பக்கத்தில் தீ, சூட்டுத்தட்டு எதுவும் இருக்கக் கூடாது. தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான்: தீவனக் கொழுப்பும் காரமும் சேர்ந்து உண்டான சோப்பு நுரைத்து, நீர், ஈதர் இரண்டு அடுக்குக்கும் நடுவே பால்போலத் தங்கும். அதைக் கீழே விட்டால் ரெட்டினாலும் போய்விடும். சில மி.லி. எத்தனால் விட்டுக் காத்திருங்கள், தெளியும். சேர்த்த ஈதரை 100 மி.லி. நீரால் கழுவுங்கள். முதல் கழுவலில் குலுக்காமல் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கழுவிய நீரில் ஃபினால்ஃப்தலீன் (காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் காட்டி) நிறம் காட்டாத நிலை வரும் வரை தொடருங்கள். கடைசியில் ஈதரால் 500 மி.லி.க்கு நிரப்புங்கள்.

அதில் 100 மி.லி. எடுத்து 40 டிகிரிக்குக் கீழே ஆவியாக்குங்கள். வற்றியதும் நைட்ரஜன் விட்டு, உடனே 5 மி.லி. மெத்தனாலில் கரையுங்கள். வறண்ட குடுவையை மேசையில் விட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது எண் குறைந்திருக்கும்.

எச்பிஎல்சியில் 250 மி.மீ. சி18 குழல் (கூறுகளைப் பிரிக்கும் நிரப்பு கொண்டது), 98 பங்கு மெத்தனாலுக்கு 2 பங்கு நீர், நிமிடத்துக்கு 1 மி.லி., யூவி (புற ஊதா ஒளி) 325 நானோமீட்டர். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமிகள் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக 450 நானோமீட்டர் பக்கம் என்பதால் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக் கரைசலுக்கு) ரெட்டினைல் அசிடேட்டையே எடுத்து, தீவனம் போன அதே வழியில் காரத்தில் சூடாக்கிச் சோப்பாக்குங்கள். பாட்டில் சீட்டில் உள்ள தூய்மையை மட்டும் நம்பாமல், கிடைத்த ரெட்டினால் கரைசலின் செறிவை ஒவ்வொரு முறையும் 325-இல் ஒளி உறிஞ்சலை அளந்து உறுதிசெய்யுங்கள்.

கணக்கு: குரோமட்டோகிராம் (எச்பிஎல்சி வரையும் வரைபடம்) 2.2 மைக்ரோகிராம்/மி.லி. காட்டினால் 5 மி.லி.யில் 11 மைக்ரோகிராம். அது ஐந்தில் ஒரு பங்கு, ஆக 20 கிராமில் 55. கிராமுக்கு 2.75. ஒரு ஐயு என்பது 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால். வகுத்தால் கிராமுக்கு 9.17, கிலோவுக்குச் சுமார் 9,170 ஐயு.

மீட்பு விகிதம் (சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது) பார்க்க எண்ணெயில் கரைந்த அசிடேட்டைத் தீவனத்தில் ஊற்றுவது பலருடைய வழக்கம். 98 சதம் வரும், மனசும் நிறையும். ஆனால் எண்ணெயில் இருப்பதற்கு மணியை உடைக்கும் வேலையே இல்லை. மணி கரையாமல் போன சோதனையிலும் அதே 98 வரும். வலு தெரிந்த, மணி வடிவச் சரக்கை வைட்டமின் சேர்க்காத தீவனத்தில் கலந்து சோதியுங்கள். மூன்று தனித்தனி எடைகள் போட்டு, அவற்றுக்குள் வித்தியாசம் 15 சதத்தைத் தாண்டினால் கருவியைக் குடையாமல் அரைவைக்குத் திரும்புங்கள்.