கேட், கிரில்லுக்கு அடர்சாம்பல் பவுடர் கோட்டிங்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். பால்கனி கிரில்லுக்கு முதல் தடவை கறுப்பு பவுடர் கோட்டிங் போட்டபோது நிறத்தை மட்டும்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கீழ்க்கம்பியின் வெல்டிங் மூட்டில் சின்னதாக ஒரு கொப்புளம். நகத்தால் நெருடினேன். வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து வந்தது. உள்ளே செம்பழுப்புத் துரு, நடுவில் வெல்டிங் கசடு அப்படியே இருந்தது. மேல்பூச்சில் குறை இல்லை. அது பிடித்து நிற்க அடியில் சுத்தமான இரும்புதான் இல்லை.

பவுடர் கோட்டிங் என்பது தின்னர் சேராத பெயின்ட். மாவு போன்ற பொடிக்கு மின்னூட்டம் கொடுத்து, எர்த் செய்த இரும்பின் மேல் துப்பாக்கியால் தூவுவார்கள். பொடி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூளையில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வைத்தால் உருகி, தோலாக இறுகிவிடும். பொருள் சூளைக்குள் போக வேண்டும் என்பதால், சுவரில் பதித்துப் பூசிவிட்ட கிரில்லுக்கு இது ஆகாது. கழற்றி மாட்டும்படி போல்ட் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

படி 1: நிறம்

நிற அட்டையில் ரால் எண்கள் இருக்கும். 1927-ல் ஜெர்மனியில் தொடங்கிய நிறப் பட்டியல் அது. பட்டறையில் "கரும்சாம்பல்" என்று சொல்வதைவிட எண்ணைச் சொல்வதே நல்லது. 7016 லேசாக நீலம் ஓடும் சாம்பல். வெள்ளைச் சுவருக்கு அழகாக இருக்கும். 7021 ஏறக்குறைய கறுப்பு. சந்தன நிறச் சுவர், மரக்கதவு உள்ள வீட்டில் 7016 தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பழுப்பு கலந்த 8019 அங்கே பொருந்தும். 9005 என்ற முழுக்கறுப்பை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. நம் ஊர்ப் புழுதி காலையில் துடைத்தால் மாலையில் அதன்மேல் தெரியும்.

கடையின் டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். பூசிய மாதிரித் தகடு ஒன்றை வாங்கிவந்து, கேட் நிற்கும் இடத்திலேயே நிமிர்த்தி வைத்துக் காலை, உச்சிவெயில், மாலை என்று மூன்று வேளையும் பாருங்கள். ஒரே எண் மினுமினுப்பில்லாத மேட் பூச்சில் ஒரு மாதிரியும் பளபளப்பில் இன்னும் அடர்த்தியாகவும் தெரியும். முழு மேட் போட்டால் கைபிடிக்கும் இடத்தில் எண்ணெய்த் தடம் விழும். பளபளப்பு போட்டால் தட்டை ஆக்காத வெல்டிங் மேடு பள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவிலான சாட்டின், அல்லது மிக நுண்ணிய சொரசொரப்பு, என் தேர்வு.

படி 2: பொடியின் வகை

எபாக்ஸி என்ற பிசினில் செய்த பொடி வெயிலில் சீக்கிரமே வெளிறிச் சுண்ணாம்பாக உதிரும். எபாக்ஸி-பாலியெஸ்டர் கலவை வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்குப் போதும். வெயிலில் நிற்கும் கேட், கிரில்லுக்குச் சுத்த பாலியெஸ்டர் என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். கடலோரம் என்றால் அதற்கு அடியில் துத்தநாக பிரைமர் பொடி ஒரு கோட் அவசியம். செலவு கூடும், ஆனால் அதை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: சூளைக்கு முன்னால்

என் கிரில் கெட்டது இங்கேதான். வெல்டிங் பட்டறையிலிருந்து பொருள் கிளம்பும் முன் நீங்களே கையால் தடவிப் பாருங்கள். கசடும் தெறித்த வெல்டிங் முத்துகளும் உதிர்த்து எடுத்திருக்க வேண்டும். கூரான ஓரங்களைக் கிரைண்டரால் மழுங்கச் செய்யுங்கள். உருகும் பொடி கூர்முனையிலிருந்து விலகி ஓடும், அந்த இடத்தில் பூச்சு மெலிந்துவிடும். சாதாரணப் பட்டி தடவிப் பள்ளம் அடைக்க விடாதீர்கள், சூளைச் சூட்டை அது தாங்காது. டியூப் கம்பிகளில் நீர் வடியச் சின்னத் துளை அடியில் இருக்கட்டும்.

கோட்டிங் போடும் இடத்தில் "செவன் டேங்க் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எண்ணெய் நீக்குவது, துரு நீக்குவது, பாஸ்பேட் ஏற்றுவது, இடையிடையே தண்ணீரில் அலசுவது, கடைசியில் துருவைத் தடுக்கும் பாசிவேஷன் என ஏழு தொட்டி. வெறும் துணியால் துடைத்துத் தூவும் இடம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 4: வாங்கும்போது சோதனை

உங்கள் பொருளோடு ஒரு துண்டுத் தகட்டையும் பூசித் தரச் சொல்லுங்கள். அதில் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அடித்தயாரிப்பு சரியில்லை. தகட்டை மெதுவாக வளைத்தால் பூச்சு வெடிக்கிறதா? சூடு பத்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். பூச்சின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டர் அவர்களிடமே இருக்கும்; ஒரு கோட் 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், மின்னூட்டப் பொடி அங்கே நுழையத் தயங்கும்.

படி 5: பராமரிப்பு

கடலோரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். வெயில் ஏறும் முன், இரும்பு குளிர்ந்திருக்கும்போது, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். காய்ந்த புழுதியோடு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து மெல்லிய துணியால் துடைத்து, அலசி, உடனே ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் அடர்நிறத்தில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். மழை படாத இடங்களை, அதாவது சன்ஷேடுக்கு அடியையும் சுவரைப் பார்த்த பின்பக்கத்தையும், மறக்காதீர்கள். மழை கழுவாததால் உப்பு அங்கேதான் சேரும்.

ஆசிட், தின்னர், கம்பி நார் கூடவே கூடாது. பக்கத்தில் பூச்சு வேலை நடந்து சிமென்ட் தெறித்தால் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை மறுநாளே துடையுங்கள். பொங்கலுக்கு மாவிலையைக் கம்பியால் முறுக்கிக் கட்டாமல் நூலால் கட்டுங்கள். எங்கள் கேட்டில் முதல் கீறல் அந்தக் கம்பியால்தான் வந்தது.

இரும்பு தெரியும்படி கீறல் விழுந்தால் தள்ளிப் போடாதீர்கள். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, துத்தநாக பிரைமர் ஒரு தொடுகை, காய்ந்ததும் அதே ரால் எண்ணில் பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட்டை மெல்லிய பிரஷ்ஷால் வையுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும்தான், ஆனால் துரு பரவாது. நிற எண், சாட்டினா மேட்டா, போட்ட தேதி மூன்றையும் எழுதி எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.