கச்சான் காலத்துக்கு ஒரு நிலவெப்பப் பம்பி: பழைய யன்னல் ஏசியை ஈரமணலோடு இணைத்த விதம்

கச்சான் எனும் வறண்ட வெப்பக்காற்று வீசத் தொடங்கினால், பிற்பகல் இரண்டு மணிக்கு யன்னல் ஏசியின் பின்புறத்தில் அடிக்கும் காற்று 35 பாகை செல்சியஸைத் தொட்டுவிடும். ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் எங்கள் வளவில், ஐந்தடி ஆழத்து ஈரமணல் அதே நேரத்தில் 28 பாகையில்தான் இருக்கிறது. ஏசி தன் வெப்பத்தை அந்தக் காற்றில் தள்ளாமல் இந்த மணலில் தள்ளினால், கொம்பிரசர் அத்தனை பாடுபட வேண்டியதில்லை. நிலத்தை வெப்ப மூலமாகக் கொள்ளும் வெப்பப் பம்பிக்குச் சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிக் சோலி 1912 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். குளிர்நாடுகளில் அது நிலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்குகிறது. நமக்கோ அறையின் வெப்பத்தை நிலத்துக்குள் இறக்குவதுதான் தேவை.

முதலில் கணக்கு. என்னிடம் இருந்தது 9,000 பிடியூ குளிரூட்டும் திறனுள்ள யன்னல் ஏசி. அது அறையிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 2.6 கிலோவாட், கொம்பிரசர் உண்ணும் மின்சாரமும் வெப்பமாகவே வெளியேறுவதால், நிலத்துக்குள் போகவேண்டியது 3.5 கிலோவாட். நீர் நிறைந்த மணலில் ஒரு மீற்றர் பைப்புக்கு 15 முதல் 20 வாட் என்று வைத்துக்கொண்டு, 25 மில்லிமீற்றர் கறுப்புப் பொலித்தீன் பைப்பில் 100 மீற்றர் றோல்கள் இரண்டை வாங்கினேன். பிவிசி பைப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். இருபதடிக்கு ஒரு ஒட்டு வரும், மண்ணுக்குள் போன ஒட்டு கசிந்தால் எந்த இடத்தில் கசிகிறதென்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு றோலுக்கு ஒரு சுற்று, நிலத்துக்குள் ஒரு மூட்டும் இல்லை என்பதே என் விதி.

குழி வெட்டுவதற்கு ஆவணி, புரட்டாதி மாதங்களே ஏற்றவை. கிணற்று நீர்மட்டம் அப்போது இறங்கியிருக்கும் என்பதோடு, அந்த மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பைப் ஆண்டு முழுவதும் ஈரத்திலேயே இருக்கும். 25 மீற்றர் நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இரண்டு குழிகள், ஒவ்வொன்றிலும் ஓரடி இடைவெளியில் நான்கு வரிசை. சுவர் அத்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி வெட்டுங்கள். நீர் ஊறும் மணல் சொல்லாமல் சரியும் என்பதால், ஓரங்களைச் சாய்வாக வெட்டுங்கள்; ஆழமான பகுதியில் தனியே இறங்காதீர்கள். பைப்பை நான் வெறுமையாக இறக்கியபோது அது பாம்புபோல் நெளிந்துகொண்டு மேலே வந்தது. குழி வெட்ட உதவிக்கு வந்திருந்த பெரியவர், "தம்பி, வெறும் பைப் மிதக்கும்தானே, தண்ணிய நிரப்பிப்போட்டு இறக்குங்க" என்றார். பொலித்தீன் நீரைவிட இலேசானது என்பதால் நிரப்பிய பின்னும் மணல் மூட்டைகளை வைத்து அழுத்தவேண்டியிருந்தது.

மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். மூன்று பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் மானி இரண்டுக்குச் சற்று மேலே நின்றது. கசிவு என்று எண்ணி ஒரு சுற்றை முழுமையாகக் கிளப்பிய பிறகுதான், பொலித்தீன் பைப் முதல் சில மணிநேரம் விரிந்துகொடுக்கும், அதனால் அழுத்தம் குறையும் என்பது விளங்கியது. மறுபடி மூன்று பாருக்கு ஏற்றி, அதன் பின்னும் தொடர்ந்து விழுகிறதா என்று பார்ப்பதே முறை.

ஏசியில் வாயுக் குழாயை நான் வெட்டவில்லை. உறையைக் கழற்றி, பின்புற விசிறி இதழை மட்டும் எடுத்துவிட்டு (அறைப்பக்க விசிறியும் அதே மோட்டரில்தான் ஓடுகிறது, ஆகவே மோட்டரைத் தொடாதீர்கள்), கொண்டென்சரை (வெப்பத்தை வெளியே விடும் பின்புறக் குழாய்த் தொகுதியை) இரு கைகளாலும் தாங்கி மெதுவாக வளைத்து, நிலத்துப் பைப்புகளின் நீர் வந்துபோகும் 25 லீற்றர் தொட்டிக்குள் இறக்கினேன். செப்புக் குழாய் மடியப்போகிறது என்று தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வாயுவைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றால் அது ஏசி திருத்துபவரின் வேலை. பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-22, ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, பிந்திய திருத்தங்களின் மூலம் ஒழிக்கச் சொன்ன வாயு வகைகளில் ஒன்று. கிணற்று நீரை நேரே தொட்டிக்கு விடவேண்டாம். எங்கள் கரையோர நீரில் உள்ள உப்பு அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். மழைநீரை ஒருமுறை நிரப்பிச் சுழலவிட்டால் போதும்.

என்னை இரண்டு கிழமைகள் அலைக்கழித்தது இதற்கடுத்த படி. எல்லாம் பூட்டி ஓடவிட்டேன், இருபது நிமிடத்தில் கொம்பிரசர் நின்றது. ஆறவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் நின்றது. தொட்டிக்குத் திரும்பும் இரண்டு பைப்புகளிலும் ஒருநாள் தற்செயலாகக் கை வைத்தபோது, ஒன்று சூடாகவும் மற்றது கிணற்றடிக் கல்லைப்போல் குளிர்ந்தும் இருந்தன. குளிர்ந்திருந்த சுற்றில் நீரே ஓடவில்லை. நடுவில் எங்கோ காற்று அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு சுற்றுகளும் திறந்திருக்கும்போது நீர் இலகுவான வழியாலேயே போகும், அடைத்த காற்றைத் தள்ளாது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வால்வு பூட்டி, ஒன்றை மூடிவிட்டு மற்றதைக் கழுவவேண்டும். இதற்கு மட்டும் வீட்டின் அரைக் குதிரைவலு மோட்டரைப் பயன்படுத்துங்கள். இந்தப் பைப்பில் காற்றுக் குமிழைத் தள்ளிச்செல்ல நிமிடத்துக்கு 12 லீற்றராவது ஓடவேண்டும். அதாவது 20 லீற்றர் வாளி 100 செக்கனுக்குள் நிறையவேண்டும். மோட்டர் நீரை எடுக்கும் பரலுக்குள், திரும்பும் குழாயின் முனை நீருக்கு அடியில் இருக்கட்டும். நான் மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் வெளியேற்றிய காற்று நுரையாகக் கலந்து மீண்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. குமிழ் நின்றபின்னும் கால் மணிநேரம் ஓடவிடுங்கள்.

நாளாந்த ஓட்டத்துக்கு 45 வாட் சுழற்சிப் பம்பி போதும். அரைக் குதிரைவலு மோட்டரை வைத்தால் மிச்சம்பிடித்ததை அதுவே குடித்துவிடும். பம்பி நின்று கொம்பிரசர் மட்டும் ஓடினால் தொட்டி நீர் நிமிடத்துக்கு 2 பாகை ஏறும். எனவே 50 பாகையில் மின்சாரத்தை வெட்டும் தெர்மோஸ்டாட்டும், ட்ரிப் சுவிச்சும், சரியான எர்த்தும் இல்லாமல் ஓடவிடாதீர்கள்.

பரீட்சிப்பதற்கு இரண்டு வெப்பமானிகள், ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வாட் மீற்றர் போதும். என் அளவீட்டில் நீர் நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடியது. 36 பாகையில் நிலத்துக்குள் போய் 31 பாகையில் திரும்பியது. இந்த 5 பாகை வித்தியாசத்துக்கான வெப்பம் 3.5 கிலோவாட், ஆகவே முதற்கணக்கு பிழைக்கவில்லை. முன்பு 930 வாட் இழுத்த பெட்டி இப்போது பம்பியையும் சேர்த்து 740 வாட் இழுக்கிறது. ஐந்து நாட்கள் இரவு பகலாக ஓடவிட்டபோது திரும்பும் நீர் 33 பாகைக்கு ஏறியது. இரண்டு நாள் ஓய்வு கொடுத்ததும் இறங்கிவிட்டது. நமக்குச் சூடாக்கும் பருவம் இல்லாததால் நிலத்தில் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும் என்ற அச்சம் நியாயமானதே. மாரிமழையும் மணலுக்குள் நகரும் நீரும் அதைக் கொண்டுபோகும் இடத்தில்தான் இந்த முறை சரிவரும்.

பிற்சேர்க்கை: அம்பாறைப் பக்கம் உட்பகுதியில் இருக்கும் ஒருவர், தங்கள் வறண்ட மண்ணில் இதே 200 மீற்றர் போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. உலர்ந்த மணல் வெப்பத்தைக் கடத்துவது நீர் நிறைந்த மணல் கடத்துவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். குடிக்கப் பாவிக்காத பழைய கிணறு ஒன்று இருந்தால், பைப்பைச் சுருளாகக் கட்டிக் கல் பிணைத்து அதற்குள் இறக்கிப் பாருங்கள். 3 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் இந்தப் பெட்டி எட்டு மணிநேரம் ஓடினாலும் நீர் ஒரு பாகைக்குச் சற்று மேலேதான் சூடாகும். நான் இன்னும் அப்படிச் செய்துபார்க்கவில்லை, இது கணக்கு மட்டுமே. செய்துபார்ப்பவர் திரும்பும் நீரின் வெப்பநிலையை முதல் வாரம் நாள்தோறும் குறித்துவையுங்கள்.