பஸ் டிக்கெட்டில் தொடங்கும் விமர்சனம்

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கை இருக்கிறாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இந்த இடைவெளியில் மாதம் நான்கு புத்தகம் வாசித்துத் தள்ளுகிறாள். எப்படி இருந்தது என்று கேட்டால், "நன்றாக இருந்தது அண்ணா" என்பாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். போன கிழமை அவளே வந்து, "விமர்சனம் எழுதுவது எப்படி என்று சொல்லித் தாருங்கள்" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். புத்தகத்தை மூடிவிட்டுப் பேனையோடு உட்காரும்போது விமர்சனம் தொடங்குவதில்லை. வாசிப்பு எங்கே நின்றது, எங்கே நிற்க மறுத்தது என்பதில்தான் அது தொடங்குகிறது. அதைப் பிடித்து வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தேவையான பொருட்கள்: ஒரு புத்தகம், ஒரு பென்சில், 80 பக்கக் கொப்பி ஒன்று, நான்கைந்து பழைய பஸ் டிக்கெட்டுகள். டிக்கெட்டை நடத்துநரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேளுங்கள், அது உங்கள் உரிமையும்கூட. முன்பக்கத்தில் அச்சடித்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது மங்காது.

படி 1: புத்தகத்தைத் தேடுதல்

கொழும்பில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே கடையில் தேடியவர்கள். காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமும், செட்டியார் தெருவிலும் தமிழ்ப் புத்தகசாலைகள் இருக்கின்றன. இந்தியப் பதிப்புகளின் விலை நம் ரூபாயில் பல மடங்காகிவிடுவதால், புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது நூலகங்களை. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. அங்கே நல்ல நூலகம் உண்டு. விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம். டூவி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. கவிதைக்கு அதன் பின்னால் ஒரு 1, புனைகதைக்கு ஒரு 3. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் யாரையும் கேட்காமல் நேராக அந்த அலுமாரிக்குப் போய் நிற்கலாம்.

பழைய புத்தகங்களுக்கு மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தைக் கடைகள். சிங்கள, ஆங்கிலப் புத்தகங்களின் நடுவே தமிழ்ப் புத்தகம் அகப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காலையில் போனால் அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடும் என்பது என் நம்பிக்கை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போய் எங்கோ நிறுத்தும். அங்கே இருப்பதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

ஈழத்து நூல்கள் பல சில நூறு பிரதிகளோடு நின்றுவிடும். மறுபதிப்பு வராது. அப்படி மறைந்துபோனவற்றைத் தேட 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டம் இருக்கிறது. பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒளிவருடி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் வாசித்தால் கண் வலிக்கும்தான். ஆனால் வேறு எங்கும் இல்லாத ஒன்றை வாசிக்கும்போது அந்த வலி அவ்வளவாகத் தெரிவதில்லை.

படி 2: கடையில் நின்றபடி ஐந்து நிமிடம்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையைப் படிக்காதீர்கள். அது விற்பனையாளரின் குரல். உள்தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு என்பது அங்கே இருக்கும். இந்த ஆண்டு வெளிவந்தது போலப் பளபளக்கும் நாவல் 1970களில் எழுதப்பட்டது என்று தெரிந்தால், உங்கள் எதிர்பார்ப்பே மாறிவிடும் அல்லவா? சர்வதேசத் தர நூல் எண்ணும் அங்கேயே இருக்கும். 978 க்குப் பின்னால் 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு. 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு.

அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை எல்லாவற்றையும் இப்போது தாண்டிவிடுங்கள். நம்மிடம் ஒரு மெல்லிய கவிதைத் தொகுப்புக்கே நான்கு பேர் உரை எழுதியிருப்பார்கள். எழுதியவரின் 'என்னுரை' ஒன்றை மட்டும் மேலோட்டமாகப் பாருங்கள். பிறகு முதல் பக்கம். பிறகு மூன்றில் ஒரு பங்கு தாண்டி ஏதாவது ஒரு பக்கம். முதல் பக்கத்தை எல்லோரும் பத்து முறை திருத்தியிருப்பார்கள். எழுத்தாளரின் உண்மையான நடை நடுவில்தான் தெரியும். அந்த நடுப் பக்கத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்ப உங்கள் விரல் தானாகப் போனால் வாங்கலாம்.

படி 3: வாசித்தல்

இதுதான் முக்கியமான படி. மெதுவாகச் சொல்கிறேன்.

புத்தகத்தில் கோடு போடலாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நூலகப் புத்தகத்தில் போடவே கூடாது, அதோடு விடுகிறேன். நான் செய்வது இது. புத்தகத்துக்குள் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக இருக்கும். எப்போது வாசிப்பை நிறுத்தினாலும், அந்த டிக்கெட்டின் பின்புறத்தில் பக்க எண்ணையும், நிறுத்தியதற்கான காரணத்தையும் நான்கு சொல்லுக்குள் எழுதுவேன். தூக்கம் வந்ததா, கோபம் வந்ததா, இறங்கும் இடம் வந்ததா, ஒரு வசனம் பிடித்துப்போய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேனா?

பெரும்பாலான குறிப்புகள் வெறும் 'தூக்கம்', 'தொலைபேசி' என்றுதான் இருக்கும். பரவாயில்லை. ஆனால் ஒரு புத்தகம் முடியும்போது மூன்று நான்கு டிக்கெட் சேர்ந்துவிடும். அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், புத்தகம் உங்களை எங்கே பிடித்தது, எங்கே கைவிட்டது என்பதன் வரைபடம் கிடைத்துவிடும். சென்ற வருடம் வாசித்த ஒரு நாவலின் டிக்கெட்டில் இப்படி இருக்கிறது: 'ப. 112 – கொள்ளுப்பிட்டி போய்விட்டது'. 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியில் இறங்க வேண்டியவன், நடத்துநர் கடைசித் தரிப்பிடம் என்று சத்தமிட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். பார்த்தால் புறக்கோட்டை. அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. ஆனால் 'விறுவிறுப்பான நாவல்' என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

இன்னொன்று. பாத்திரங்களின் பெயரையும் உறவையும் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நினைவை நம்பாதீர்கள். நான் ஒருமுறை ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேசப்போய், நேரமின்மையால் கடைசி இரண்டு கதைகளை அணிந்துரையில் இருந்த சுருக்கத்தை நம்பிப் பாராட்டினேன். கடைசிக் கதையில் வரும் 'அந்தத் தாயின் துயரம்' என்று உருகினேன். முன்வரிசையில் இருந்த ஆசிரியர் தேநீர் வேளையில் என் காதருகே வந்து, "அது தாய் இல்லைத் தம்பி, மாமியார்" என்றார். அணிந்துரை எழுதியவரும் வாசித்திருக்கவில்லை!

கவிதையை இப்படி வாசிக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று கவிதை, அதுவும் வாய்விட்டு. அவ்வளவுதான்.

படி 4: பிடிக்காவிட்டால் விட்டுவிடுதல்

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்கிறார். 50 பக்கம் வாசியுங்கள். பிடிக்கவில்லையா, மூடி வையுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100 இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களை வாசித்தால் போதும். என் பெரியம்மாவுக்கு வயது 78. அவர் 22 பக்கம் வாசிக்கக் கடமைப்பட்டவர். இரண்டாவது பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பாதியில் விட்ட புத்தகத்துக்கு விமர்சனம் எழுதாதீர்கள்.

படி 5: பவணந்தியாரிடம் கடன் வாங்குதல்

பிடிக்கவில்லை என்று தெரிகிறது, ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. இது எல்லோருக்கும் வரும் சிக்கல். இதற்கான சொற்களைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் எழுதி வைத்துவிட்டார். ஒரு நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்கிறார். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு மறந்திருப்போம். இப்போது எடுத்துப் பாருங்கள்.

குறைவாகச் சொல்லிவிட்டாரா? குன்றக் கூறல். நீட்டி முழக்கினாரா? மிகைபடக் கூறல். சொன்னதையே சொன்னாரா? கூறியது கூறல். முன்னுக்குப் பின் முரணா? மாறுகொளக் கூறல். கதையை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போனாரா? மற்றொன்று விரித்தல். எனக்கு மிகப் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. ஓங்காரமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் காணாமலே போவது. நான் பாதியில் நிறுத்திய நாவல்களின் டிக்கெட்டுகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த வகைதான். அழகுகளில் இரண்டையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். இந்த இரண்டும் விமர்சனம் எழுதும் உங்களுக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. நன்னூலார் மனத்தில் இருந்தது இலக்கண நூல் போன்ற அறிவு நூல். நாவலுக்கு அதை அப்படியே பூட்ட முடியாது. ஒரு பாத்திரம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது அந்தப் பாத்திரத்தின் இயல்பாக இருக்கலாம். குற்றத்தின் பெயரைச் சூட்டுவதற்கு முன், எழுதியவர் வேண்டுமென்றே செய்தாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: எழுதுதல்

டிக்கெட்டுகளைப் பரப்பி வையுங்கள். 'தூக்கம்', 'தொலைபேசி' எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஐந்தாறு குறிப்புகள் மிஞ்சும். அவற்றில் பலமான இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: பிடித்தது ஒன்று, உறுத்தியது ஒன்று. முதல் விமர்சனத்துக்கு இது போதும்.

நான் புறக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த அதே நாவலையே எடுத்துக்கொள்வோம். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வரும் ஒரு பையனின் கதை. என்னிடம் இருந்த இன்னொரு குறிப்பு 'ப. 164 – மீண்டும் கடிதம்'. வழக்கமான முறையில் எழுதினால் இப்படி வரும்: "மண்வாசனை கமழும் எளிய நடையில் உழைக்கும் மக்களின் வாழ்வை உயிரோட்டமாகச் சித்திரித்துள்ளார்." இந்த வாக்கியத்தை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம். ஆகவே அது எந்தப் புத்தகத்தைப் பற்றியதும் அல்ல.

நான் எழுதியது: "பையன் முதல் சம்பளத்தை எண்ணும் காட்சி இரண்டு பக்கம் நீள்கிறது. நோட்டுகளை எண்ணுகிறான், மீண்டும் எண்ணுகிறான், அம்மாவுக்கு எவ்வளவு என்று பிரிக்கிறான், மனம் மாறிச் சேர்க்கிறான். இதை வாசித்துக்கொண்டிருந்து என் தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். ஆனால் வீட்டிலிருந்து வரும் கடிதம் மூன்று முறை முழுதாகத் தரப்படுகிறது. மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. முதல் கடிதத்தில் கலங்கிய நான் மூன்றாவதைத் தாண்டிப் போனேன்." கதைச் சுருக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முடிவைச் சொல்லவே வேண்டாம்.

கடைசிப் பந்தியில் யாருக்கு இந்தப் புத்தகம் என்று சொல்லுங்கள். சீர்காழியில் பிறந்த நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. உங்களுக்குப் பிடிக்காத நூலுக்கும் எங்கோ ஒருவர் இருக்கிறார். அவருக்கு வழிகாட்டுவதும் விமர்சகரின் வேலைதான்.

எழுதியதை ஒரு இரவு ஆறவிட்டு, பிறகு மேற்கோள்களின் பக்க எண்ணையும் எழுத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நான் இன்னும் பிழை விடுகிறேன்.

படி 7: தெரிந்தவரின் புத்தகம்

கொழும்பில் இது தவிர்க்க முடியாதது. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு வரும். கடித உறைக்குள் காசை வைத்துக்கொண்டு போவீர்கள். வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை, பிறகு மேடையில் ஏறி, உறையைக் கொடுத்து, பிரதியைப் பெற்று, ஒரு புகைப்படம். நூலைப் பற்றி யாராவது பேசுவதற்குள் ஏற்புரை தொடங்கிவிடும். பிறகு அதே ஆசிரியர், "தம்பி, நாலு வரி எழுதுங்களேன்" என்பார்.

எழுதலாம். ஆனால் அவரைத் தெரியும் என்பதை முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். குறை இருந்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள். "நடை சரியில்லை" என்றால் மனிதர் புண்படுவார், "45ஆம் பக்கத்தில் காலம் குழம்புகிறது" என்றால் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார். புத்தகம் உண்மையிலேயே தேறவில்லை என்றால் அச்சில் எழுதாமல் நேரில் சொல்வதே என் வழக்கம். இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருவரும் இன்னும் ஒரு புத்தகம் வெளியிடவில்லை.

கடைசியாக, இரவல்

நல்ல விமர்சனம் எழுதினால் புத்தகத்தை இரவல் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் டிக்கெட்டுகளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மற்றவரின் வாசிப்பில் உங்கள் பக்க எண்கள் குறுக்கிடக் கூடாது. கொப்பியின் கடைசித் தாளில் பெயரையும் திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கொப்பியில் இப்போது 7 பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் இருவர் கனடாவுக்குப் போய்விட்டார்கள்.