அழுகண்ணிய போட்டோ எடுக்கணும்னா முதல்ல தரையில படுங்க

மார்கழி பொறந்து, ஏரித் தண்ணி லேசா உள்வாங்கி, கரைக்கு மேல இருக்குற புல்லுத்தரை மட்டும் சொதசொதன்னு கிடக்குற நேரம்தான் அழுகண்ணிச் செடிக்கு சீசன். வடகிழக்குப் பருவமழை ஒழுங்கா பேஞ்சிருந்தா கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சு தை வரைக்கும் கிடைக்கும், மழை ஏமாத்துன வருஷம்னா தேடி அலையுறது வேஸ்ட், வீட்டுல இருங்க.

நம்ம ஊர்ல அழுகண்ணின்னு சொல்ற பூச்சி பிடிக்கிற செடி சமவெளியில முக்கியமா ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ட்ரோசெரா இண்டிகா, ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிக்கும், இலையெல்லாம் நூல் மாதிரி நீளமா இருக்கும், இளசா இருக்கும்போது நுனி சுருண்டு கிடக்கும். இன்னொண்ணு ட்ரோசெரா பர்மானி, பத்து ரூபா காயின் அளவுக்குத் தரையோட தரையா ஒட்டி வட்டமா சிவப்பா படர்ந்திருக்கும், நடுவுல இருந்து மெல்லிசா ஒரு தண்டு கிளம்பி அதுல குட்டி வெள்ளைப் பூ. நீலகிரி, பழனி மலைப் பக்கம் போனா ட்ரோசெரா பெல்டேட்டான்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, ஆனா அந்தக் குளிரும் வெளிச்சமும் வேற கதை, நான் இங்க இண்டிகாவ வச்சுதான் சொல்றேன், பூ ரோஸ் கலர்ல இருக்குறதால எடுக்குறதுக்கும் இதுதான் அழகு.

எங்க தேடுறதுன்னா, சத்து இல்லாத மண்ணுல தேடுங்க. நல்ல வண்டல், உரம் போட்ட வயல் வரப்பு இங்கெல்லாம் இருக்காது, ஏன்னா அங்க மத்த புல்லு வளந்து இத அமுக்கிடும். மண்ணுல கிடைக்காத நைட்ரஜன பூச்சிகிட்ட இருந்து எடுத்துக்குற செடி இது, அதனால மத்தது வளர முடியாத செம்மண், செம்பராங்கல் பூமி, மணல் கலந்த ஈரத்தரை இதுலதான் பிழைக்கும். செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் அந்த மாதிரி தரை நிறைய இருக்கு, காடுன்னு நினைச்சுடாதீங்க, மாடு மேயுற பொட்டல்தான். வெள்ளைப் பொத்தான் குத்தி வச்ச மாதிரி குட்டிக் குட்டித் தலையோட எரியோகாலான்ங்கிற புல் மாதிரி செடி நிக்குதா, பக்கத்துலயே நகத்துல பாதி அளவுக்கு மஞ்சப் பூ விட்டு யூட்ரிகுலேரியாங்கிற குட்டிச் செடி இருக்குதா, அப்போ அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்காம நின்னு கீழ பாருங்க. நிறைய பேர் செடி மேல நின்னுக்கிட்டே செடியத் தேடுவாங்க. சூரியன் உங்க முகத்துக்கு நேரா இருக்குற மாதிரி திரும்பிக் குனிஞ்சு பாத்தா புல்லுக்கு நடுவுல செவசெவன்னு மின்னும், அதுதான். காப்புக்காடா இருந்தா வனத்துறைல பர்மிஷன் வாங்காம உள்ள போக வேண்டாம், ஏரி புறம்போக்கே போதும்.

டைம் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. இலையில பூச்சிய ஒட்ட வைக்கிற பசைத்துளிய எடுக்க நல்ல வெளிச்சம் காலைல ஏழுல இருந்து எட்டு, ஆனா அப்ப பூ மொட்டா மூடிக் கிடக்கும். வெயில் நல்லா ஏறினப்புறம்தான் விரியும், மத்தியானம் தாண்டினா திரும்ப மூடிக்கும். அதுலயும் ஒரு தண்டுல ஒரே நேரத்துல ஒண்ணு ரெண்டு பூதான், கீழ இருந்து வரிசையா நாளுக்கு ஒண்ணா விரிஞ்சுகிட்டே போகும், அதனால எல்லா மொட்டும் ஒண்ணா விரியும்னு காத்திருக்காதீங்க. சீக்கிரமே போய் இலைய முடிச்சிட்டு, டீ குடிச்சிட்டு வந்து ஒன்பது மணிக்கு மேல பூவ எடுங்க.

இப்ப தரையில படுக்குற விஷயம். நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்தா பேக்கிரவுண்ட் முழுக்க சேறும் காஞ்ச புல்லும்தான் வரும், செடி எங்கன்னு நீங்களே தேடணும். கேமராவ செடி உயரத்துக்கு இறக்கினீங்கன்னா பின்னாடி பத்தடி தள்ளி இருக்குற புல்லெல்லாம் மங்கி ஒரே பச்சையா ஆயிடும், செடி மட்டும் தனியா நிக்கும். ஒரு பழைய உரச்சாக்கோ பிளாஸ்டிக் ஷீட்டோ கொண்டு போங்க, விரிக்கிற இடத்துல வேற அழுகண்ணி இல்லையான்னு பாத்துட்டு விரிங்க, புல்லு கொஞ்சம் உயரமா இருந்தா குச்சிய வச்சு தட்டிப் பாத்துட்டுப் படுங்க, விரியன் பாம்புக்கு உங்க போட்டோகிராபி ஆர்வமெல்லாம் தெரியாது. டிரைபாட் இவ்வளவு தாழ்வா வேலைக்கு ஆகாது, துணிப்பையில ஒரு கிலோ அரிசியோ மணலோ போட்டு வாயக் கட்டி அதுமேல கேமராவ வைங்க.

வெளிச்சம் பின்னாடி இருந்து வரணும், இந்தச் செடிக்கு இதுதான் பாதி வேலை. முன்னாடி இருந்து வெயில் விழுந்தா பசைத்துளியெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளி. சூரியன் செடிக்குப் பின்னால கொஞ்சம் சைடா இருக்குற மாதிரி படுத்தீங்கன்னா இலை மேல மயிர் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற ஒவ்வொரு மயிர்க்கால் நுனியிலயும் சிவப்புத் தலை, அதச் சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு துளி, அதுக்குள்ள தலைகீழா ஒரு குட்டி வானம், எல்லாம் தெரியும். லென்ஸுக்குள்ள நேரா வெயில் அடிச்சா போட்டோ வெளுத்துப் போகும், அதனால கூட வந்தவங்கள குடைய விரிச்சு லென்ஸுக்கு மட்டும் நிழல் விழுற மாதிரி பிடிக்கச் சொல்லுங்க. செடியோட முன்பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா பிஸ்கட் பாக்கெட்டோட வெள்ளிப் பக்கத்த விரிச்சு லேசா வெளிச்சத்தத் திருப்பி விடலாம், அதுக்குன்னு காசு குடுத்து ரிப்ளெக்டர் வாங்க வேண்டாம். பனித்துளியையும் பசையையும் குழப்பிக்காதீங்க, பனி எல்லா புல்லு மேலயும் இருக்கும், வெயில் ஏறினா காணாம போகும், பசை மயிர்க்கால் நுனியில மட்டும் இருக்கும், பதினோரு மணிக்கும் அப்படியே நிக்கும்.

கேமரா செட்டிங் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. கிட்டப் போய் எடுக்குற 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் இருந்தா நல்லது, இல்லைன்னா கேமராவோட வந்த கிட் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். அபர்ச்சர் எஃப் 8ல ஆரம்பிங்க, ஷட்டர் 1/250க்குக் கீழ போக வேண்டாம், அதுக்கு ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பரவாயில்ல, நாய்ஸ குறைக்கலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. ஆட்டோ போகஸ் இந்த நூல் இலைய விட்டுட்டு பின்னாடி புல்லப் புடிச்சுக்கும், மேனுவல்ல போட்டு லைவ் வியூவுல பெருசாக்கிப் பாத்து, போகஸ் ரிங்க தொடாம உடம்ப முன்ன பின்ன ஒரு மில்லிமீட்டர் நகத்துங்க. இலை கேமராவுக்கு இணையா வர்ற கோணத்தத் தேடினா துளியெல்லாம் ஒரே போகஸ்ல வந்துடும், எஃப் 16 எஃப் 22ன்னு போய் ஷார்ப்னஸ கெடுக்க வேண்டியதில்ல. பின்வெளிச்சத்துல கேமரா குழம்பும், ஹிஸ்டோகிராம்ல, அதாவது வெளிச்ச அளவக் காட்டுற கிராஃப்ல, சிவப்பு மட்டும் தனியாப் பாத்து வலது ஓரத்துல முட்டினா எக்ஸ்போஷர கொஞ்சம் இறக்கிடுங்க.

மொபைல்லயும் எடுக்கலாம். பல போன்ல மேக்ரோ மோடுன்னா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்ட போகணும், போன் நிழலே செடி மேல விழுந்துரும், அதவிட மெயின் கேமராவுல 2எக்ஸ் வச்சு கொஞ்சம் தள்ளி இருந்து எடுங்க, ஸ்கிரீன்ல பூவத் தொட்டுப் பிடிச்சு போகஸ லாக் பண்ணி வெளிச்சத்த கீழ இழுங்க. போன தலைகீழாப் பிடிச்சா லென்ஸ் தரைக்கிட்ட வந்துரும்.

காத்துதான் எதிரி. தண்டு தட்டையான இடத்துல தனியா நிக்குது, மூச்சு விட்டாலே ஆடும், அதனால ரெண்டு வீச்சுக்கு நடுவுல அது நிக்குற நொடிக்காக காத்திருந்து நாலஞ்சு தொடர்ந்து எடுங்க. குறுக்க வர்ற புல்ல பிடுங்காதீங்க, ஹேர்பின் போட்டு ஒதுக்கி வச்சிட்டு முடிஞ்சதும் எடுத்துடுங்க.

எறும்பப் பிடிச்சு இலையில போட்டு ஆக்‌ஷன் ஷாட் எடுக்குற வேலை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் சுத்திப் பாத்தா தானாவே ஒரு கொசு, ஒரு குட்டி ஈ மாட்டி இருக்கும், மயிர்க்காலெல்லாம் அது மேல மெதுவா வளைஞ்சிருக்கும், அது போதும். விரலால தொட்டா பசை வழிஞ்சு இலை அசிங்கமாயிடும், அந்த பிரேம் அன்னைக்கு அவ்வளவுதான்.

அழகான ஒரு படத்தோட நிறுத்தாம, முழுச் செடி, மேல இருந்து ஒண்ணு, பூவ நேரா ஒண்ணு, பூவ பின்னாடி இருந்து ஒண்ணு, சுத்தி இருக்குற தரை தெரியுற மாதிரி ஒண்ணுன்னு எடுத்து வைங்க, பின்னாடி யாராவது எந்த வகைன்னு கேட்டா இதுதான் பேசும். எடிட் பண்ணும்போது சிவப்ப ஏத்தாதீங்க, ஏற்கனவே போதுமான அளவு இருக்கு, ஸ்நாப்சீட் மாதிரி எடிட்டிங் ஆப்ல நிழல் பகுதிய மட்டும் லேசா தூக்குங்க.

கடைசியா லொக்கேஷன். சித்த மருந்துக்குன்னு வேரோட பிடுங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, அதனால போன்ல கேமரா லொக்கேஷன ஆஃப் பண்ணிடுங்க, செடி, பூச்சி படமெல்லாம் பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல ஏத்துனா இடத்த மறைக்கிற ஆப்ஷன போட்டுடுங்க, இன்ஸ்டால ஏரி பேரெல்லாம் வேண்டாம், மாவட்டம் பேர் போட்டா போதும்.