புஸ்காலன் மலைக்கிராமத்துக்குத் தனியாகப் போய்ப் பச்சை குத்திக்கொள்வது எப்படி?

பிலிப்பைன்ஸின் வடக்கே, கோர்டில்லேரா மலைகளுக்குள், கலிங்கா மாகாணத்தில் புஸ்காலன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அபோ வாங்-ஓட் வாழும் ஊர். 'அபோ' என்பது பாட்டி, பெரியவர் என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல். 1917-ல் பிறந்த இந்தப் பாட்டி மெஷின் இல்லாமல், ஊசிகூட இல்லாமல், ஒரு முள்ளையும் அடுப்புக்கரியையும் வைத்துக்கொண்டு பச்சை குத்துகிறவர். 2023 ஏப்ரலில், 106 வயதில், வோக் பிலிப்பைன்ஸ் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது, உலகம் முழுக்க அது பேசப்பட்டது.

(கலிங்கா என்றதும் நம் கலிங்க நாடு நினைவுக்கு வரும். பெயர் ஒற்றுமை மட்டும்தான்.)

மணிலாவிலிருந்து வார இறுதி வேன் டூர்கள் நிறைய கிடைக்கும். வெள்ளி இரவு ஏற்றி, ஞாயிறு இரவு இறக்கிவிடுவார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை, பஸ்ஸும் ஜீப்னியும் (ஜீப் மாதிரி இருக்கும் ஷேர் வண்டி) மாறி நாமாகவே போய் வருவது. கஷ்டமே இல்லை, ஆனால் நாள் வேண்டும். ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்க முடியாது என்றால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏன் என்று போகப்போகப் புரியும்.

1. கிளம்புவதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜூன் 8 முதல் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, 14 நாள் தங்கலாம். அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கான முன்பதிவு, கையில் பணம் இருப்பதற்கான சான்று எல்லாம் வேண்டும். பிலிப்பைன்ஸ் போய்ச் சேருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-டிராவல் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்து க்யூஆர் கோடு எடுத்துக்கொள்ளுங்கள். இது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

தடுப்பூசி விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் வரும் வேலை இது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள், ஹெபடைடிஸ் பி போடாதவராக இருந்தால் மூன்று ஊசிக்கும் வழக்கமாக ஆறு மாதம் ஆகும். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ, காயம் ஆறினால் தழும்பு தடித்துப்போகும் உடம்பாக இருந்தாலோ, முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பச்சை குத்திக்கொள்ளாமலும் அந்த ஊருக்குப் போகலாம், அதுவே நல்ல பயணம்தான்.

காலம்: டிசம்பரிலிருந்து மே வரை வறண்ட மாதங்கள். ஜூனிலிருந்து அக்டோபர், நவம்பர் வரை மழையும் புயலும், மலைப்பாதையில் மண் சரிந்தால் நாள்கணக்கில் வண்டி போகாது. வறண்ட மாதங்களிலும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நாடே விடுமுறையில் கிளம்பும் வாரம் அது. வாரத்தின் நடுவில், செவ்வாய் புதன் போலப் போய்ச் சேருவது சிறந்தது.

2. மணிலாவிலிருந்து போன்டோக்

முதலில் போன்டோக் என்ற மலை நகரத்துக்குப் போக வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. மணிலாவில் குபாவ் பகுதியிலிருந்து இரவு பஸ் ஏறினால் பத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் காலையில் போன்டோக். இல்லையென்றால் பாகியோ என்ற மலை நகரம் வரை போய் ஒரு நாள் தங்கி, அங்கிருந்து ஹால்செமா நெடுஞ்சாலை வழியாக இன்னொரு பஸ், அது ஐந்தாறு மணி நேரம்.

நேரம் இருந்தால் இரண்டாவதையே எடுங்கள், பகலில் எடுங்கள். அட்டோக் பக்கம் சாலை 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, மேகம் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும், சரிவு முழுக்க முட்டைக்கோஸ் தோட்டம். வளைவுகள் மோசமானவை, வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் அரை மணி நேரம் முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், பஸ்ஸிலேயே தேவைப்படும்.

போன்டோக்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஏடிஎம். புஸ்காலனில் ஏடிஎம் கிடையாது, கார்டு எடுக்காது. போன்டோக் மெஷினில் பணம் தீர்ந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் பெரும்பகுதியை மணிலாவிலோ பாகியோவிலோ எடுத்துவிட்டு, இங்கே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நூறு பெசோ, ஐம்பது பெசோ தாள்களாக மாற்றி வையுங்கள், ஆயிரம் பெசோ தாளை நீட்டினால் மலையில் யாரிடமும் சில்லறை இருக்காது. ஒரு பெசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. போன்டோக்கிலிருந்து ஊர் வரை

போன்டோக்கில் டிங்லாயன் (புஸ்காலன் அடங்கிய வட்டாரம்) பக்கம் போகும் ஜீப்னி எங்கே நிற்கும் என்று கேளுங்கள், யாரும் சொல்வார்கள். முந்தின நாளே புறப்படும் நேரத்தையும் கேட்டு வைத்துவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். நேரம் என்று ஒன்று சொன்னாலும், நிரம்பினால்தான் வண்டி நகரும். நான் போன வண்டியில் அரிசி மூட்டை, கோழி, சிமெண்ட் மூட்டை, அதற்கு மேல் நாங்கள். கூரை மேல் ஏறி உட்கார்ந்து போகிறவர்களைப் பார்ப்பீர்கள், அவர்கள் அந்தச் சாலையில் பிறந்து வளர்ந்தவர்கள், நீங்கள் உள்ளே உட்காருங்கள்.

வழி முழுக்க சிக்கோ ஆறு கூடவே வரும். புக்னாய் என்ற ஊரைத் தாண்டும்போது கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். 1970-களில் இந்த ஆற்றில் பெரிய அணைகள் கட்ட அப்போதைய அதிபர் மார்கோஸின் அரசு திட்டம் போட்டது, கலிங்கா, போன்டோக் மக்களின் வயலும் வீடும் மூதாதையர் புதைந்த மண்ணும் தண்ணீருக்குள் போயிருக்கும். எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் புக்னாயைச் சேர்ந்த மக்லி-இங் துலாக். 1980 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அணை வரவில்லை. புக்னாய்க்காரர்களும் புஸ்காலன்காரர்களும் ஒரே புட்புட் இனத்தார், நீங்கள் குத்திக்கொள்ளப்போகும் கோலங்கள் இந்த மக்களுடையவை. இது தெரிந்து போனால் அந்த ஊரில் நடந்துகொள்ளும் விதமே வேறாகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

புஸ்காலன் போகிறேன் என்று டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிட்டால் சரியான திருப்பத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து கிளைச்சாலை, அப்புறம் நடை. வண்டி எதுவரை போகிறது என்பதைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும், படி படியாக இறங்கி ஏறும் பாதை. தோளில் மாட்டும் பை மட்டும் கொண்டு போங்கள், சக்கரப் பெட்டி இங்கே உதவாது.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஊருக்குள் போகக் கூடாது, அது விதி. முன்கூட்டியே யாரையும் பிடிக்க வேண்டும் என்றில்லை, திருப்பத்தில் பதிவு செய்யும் இடத்திலேயே ஒருவரைக் கொடுப்பார்கள். குழுவுக்கு இவ்வளவு என்று கட்டணம், தனியாகப் போகிறவர் அதே வழியில் வந்த இன்னும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்துகொண்டால் பங்கு போட்டுக்கொள்ளலாம். பேரம் பேசாதீர்கள். உங்களுக்கு வீடு பார்ப்பது, சாப்பாடு சொல்வது, பெயரைப் பட்டியலில் சேர்ப்பது, பாட்டியிடம் மொழிபெயர்ப்பது எல்லாம் அவர்தான்.

ஒரு எச்சரிக்கை, இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை. டிங்லாயன் பக்கத்து மலைகள் கஞ்சாவுக்கும் பெயர் போனவை. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், யாருக்காகவும் பொட்டலம் எதையும் எடுத்து வராதீர்கள். திரும்பும் வழியில் போலீஸ் பையைச் சோதிக்கும், பிலிப்பைன்ஸ் சட்டத்தில் இதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

4. ஊரில் தங்குவது

ஹோட்டல் கிடையாது, வீடுகளில்தான் தங்கல். மெத்தை, கம்பளி, பொதுவான குளியலறை, குளிர்ந்த தண்ணீர். சாப்பாடு சோறு, கீரை, பீன்ஸ், சில வேளை கோழி, டப்பா மீன். சைவம் என்றால் வந்தவுடனேயே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், சோறும் காயும் நிச்சயம் கிடைக்கும், ஆனாலும் கடலை, பேரீச்சை மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும். காபி அந்த மலையிலேயே விளைவது, கேட்கக் கேட்கக் கொடுப்பார்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கைகளும் தோளும் முழுக்கப் பச்சை குத்திய பாட்டிகளை இந்த ஊரில் இன்னும் பார்க்கலாம், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது நமக்குக் காட்சிப்பொருளாக இல்லை. நான் முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் ஒரு பாட்டி தானாகவே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காலியாக இருக்கிறதே என்பது போலத் தலையை ஆட்டினார், அப்புறம் தன் கையை நீட்டிக் காட்டினார்.

5. யார் குத்துவார்கள், எதைக் குத்துவார்கள்

நிறையப் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். முழு டிசைனையும் வாங்-ஓட் பாட்டியே குத்துவார் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர் வயதை நினைத்துப் பாருங்கள். இப்போது அவர் பெரும்பாலும் மூன்று புள்ளி மட்டும்தான் வைக்கிறார். அது அவருடைய கையெழுத்து, அவரையும் அவர் கற்றுக்கொடுத்த இரண்டு பேத்திமுறைப் பெண்களையும் குறிப்பது. உடம்பு சரியில்லை என்றாலோ ஊரில் இல்லை என்றாலோ அதுவும் கிடைக்காது. டிசைனை அந்தப் பேத்திகளோ, ஊரின் மற்ற இளம் பெண்களோ குத்துவார்கள். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வாங்-ஓட்டுக்குப் பிள்ளைகள் இல்லை, ரத்த உறவில்தான் இந்தக் கலையைக் கொடுக்கலாம் என்பது வழக்கம், அதனால் உடன்பிறந்தவர்கள் வழிப் பேத்திகளான கிரேஸ் பாலிகாஸ், எல்யாங் விகன் இருவருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கையால் குத்தினாலும் அது அதே பாட்டோக் தான், அதாவது குச்சியால் தட்டிக் குத்தும் இந்த மக்களின் பழைய பச்சை முறை.

டிசைன்களைப் பலகையில் வரைந்து வைத்திருப்பார்கள். பூரான், பாம்பு, மலை, பெரணி, ஏணி, நெல். பூரான் என்றால் காவல் என்று பொருள். முன்காலத்தில் ஆண்களுக்குப் பச்சை என்பது போரில் சம்பாதிப்பது, தலை வேட்டையை (எதிரியின் தலையை வெட்டி எடுத்து வரும் வழக்கத்தை) அமெரிக்க ஆட்சி தடை செய்தபின் அது நின்றுபோனது. பெண்களுக்கு அது அழகு, பருவம் வந்ததன் அடையாளம். அதனால் எது எனக்குப் பொருந்தும் என்று குத்துகிறவரிடமே கேளுங்கள். உங்கள் காதலி பெயரையோ போனில் உள்ள படத்தையோ காட்டி அதைக் குத்தச் சொல்ல வேண்டாம். அளவைப் பொறுத்து விலை, குத்தும் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. குத்தும்போது

முதல் முறை என்றால் சின்னதாக எடுங்கள், முன்கை நல்ல இடம். முதுகெலும்பு, கணுக்கால் போல எலும்பு மேலாக இருக்கும் இடங்கள் வேண்டாம். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முந்தின இரவு மது வேண்டாம்.

தாழ்வான ஸ்டூலில் உட்காருவீர்கள். தேங்காய்ச் சிரட்டையில் கரியும் தண்ணீரும் குழைத்திருக்கும். ஒரு புல் தண்டை அதில் தோய்த்து, தோல் மேல் மெதுவாக வைத்து எடுப்பார்கள், கோடு விழும். ஸ்கேல் இல்லை, ஸ்டென்சில் இல்லை, அப்படியும் கோடு பிசகாது. அப்புறம் குச்சி. ஒரு குச்சியின் நுனியில் பம்ப்ளிமாஸ் அல்லது எலுமிச்சை வகை மரத்தின் முள் செருகியிருக்கும், இன்னொரு குச்சியால் அதைத் தட்டுவார்கள். டக் டக் டக் என்று ஒரே சீராக ஓடும் சத்தம், வீட்டுக்குக் கீழே பன்றி உறுமுவது, நடுநடுவே ஈரத் துணியால் ரத்தத்தைத் துடைப்பது. முதல் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்தேன், அதற்கப்புறம் வலி ஒரே இடத்தில் நின்றுவிட்டது, மூச்சைச் சீராக விட்டால் தாங்கலாம். கையை மட்டும் இழுக்காதீர்கள்.

முள் புதியதா என்பதைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் புது முள் என்பதுதான் முறை, உங்கள் முன்னால் செருகச் சொல்லி வழிகாட்டி மூலம் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். துடைப்பதற்குப் புதிய டிஷ்யூ பாக்கெட் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

பட்டியலில் முப்பது பேர் இருந்தால் உங்கள் முறை மறுநாள்தான். இரண்டு இரவு என்று நான் அடித்துச் சொன்னது இதற்காகத்தான். எங்களோடு வந்த இருவர் மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்ததால், வரிசையில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் இல்லாமல் இறங்கிப் போனார்கள். காத்திருக்கும் நேரத்தில் வயல் வரப்பில் நடந்துவிட்டு வாருங்கள்.

7. குத்திய பிறகு

காய்ச்சி ஆறிய தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, சுத்தமான கை. ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிய களிம்பு. இரண்டு வாரத்துக்கு வெயில், கடல், ஆறு, நீச்சல் குளம் எதுவும் வேண்டாம், அதனால் கடற்கரைத் திட்டம் இருந்தால் அதைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் சிவப்பாக, கொஞ்சம் வீங்கி இருக்கும். அதற்கப்புறமும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். பக்கு கட்டி அரிக்கும், பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும். ரத்த தானம் செய்கிறவர்கள், எவ்வளவு காலம் இடைவெளி விட வேண்டும் என்று அடுத்த முறை தானம் கொடுக்கும் முன் ரத்த வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் ஜீப்னி காலையில் சீக்கிரமே போய்விடும். முந்தின இரவே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள், இருட்டோடு எழுந்து டார்ச் அடித்துக்கொண்டு படி இறங்க வேண்டியிருக்கும். குத்திய கைப் பக்கமாகப் பையை மாட்டாதீர்கள்.