செப்சிஸுக்குப் பிறகு சிறுநீரகத்தைக் கவனிப்பது எப்படி?

செப்சிஸிலிருந்து (தொற்றுக்கு எதிராக உடம்பு அளவுமீறிப் போராடி, சிறுநீரகம் போன்ற தன் உறுப்புகளையே பாதிக்கும் நிலை) மீண்டு வீட்டுக்கு வந்தாச்சு, ரத்தத்தில் கிரியாட்டினினும் நார்மல். சரி, ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து கையும் தொடையும் வற்றிப்போனவருக்கு, சிறுநீரகம் பாதி சோர்ந்திருந்தாலும் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி (தசையை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது மாதம் ரத்தத்தில் ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கூடவே பிரஷர், மூன்றையும் பார்த்துவிடுங்கள் (சிறுநீர் டெஸ்ட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்). ஜிஎஃப்ஆர் 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

அப்புறம், உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வாந்தி, பேதி என்றால் பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.