முன்னே டிஸ்க், பின்னே டிரம்: காரணமும், கழற்றிப் பார்க்கும் முறையும்

ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்னக் காரின் முன்சக்கர இடைவெளியில் எட்டிப் பார்த்தால் பிரேக்கின் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு, பளபளக்கும். பின்சக்கரத்தில் துருப்பிடித்த சட்டியைக் கவிழ்த்தது போல டிரம் உட்கார்ந்திருக்கும். கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டது என்பார்கள். காசும் ஒரு காரணம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பின்னால் அதற்கு மேல் பெரிதாகத் தேவையும் இல்லை.

1,000 கிலோ கார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், நிற்கும்போதே முன்சக்கரங்கள் சுமார் 600 கிலோவும் பின்சக்கரங்கள் 400 கிலோவும் தாங்கும். முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர். 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) அளவுக்கு ஓங்கி பிரேக் போட்டால் 1,000 × 0.8 × 0.55 ÷ 2.45, அதாவது ஏறக்குறைய 180 கிலோ முன்னால் சாய்கிறது. இப்போது முன்னே 780, பின்னே 220.

டயர் சாலையைப் பிடிப்பது அதன் மேல் உள்ள எடையைப் பொறுத்தது. 220 கிலோ மட்டும் இருக்கும் இடத்தில் எவ்வளவு பெரிய பிரேக்கை மாட்டினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளுமே தவிர, கார் சீக்கிரம் நிற்காது. முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, கார் நேராக வழுக்கும். பின்சக்கரம் பூட்டினால் வால் வீசி வண்டியே சுற்றிவிடும். இரண்டாவதுதான் மோசம். அதனால்தான் பின்பக்கத்தின் பலத்தை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள். பழைய கார்களில் பின்பக்க அழுத்தத்தை ஒரு வால்வு குறைத்தது. இப்போது ஏபிஎஸ்ஸோடு (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) வரும் இபிடி (முன் பின் பிரேக் பலத்தைப் பங்கிடும் அமைப்பு) அதைப் பார்த்துக்கொள்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம்.

முன்னால் வேலை அதிகம் என்றால் சூடும் அங்கேதான் அதிகம். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் கீழே போகும். ஆனால் டிரம்முக்கும் சாமர்த்தியம் உண்டு. சக்கரம் சுழலும் திசையில் இருக்கும் ஷூ தானாகவே டிரம்மோடு இறுகும், ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு நெம்புகோலும் கேபிளும் போதும். வோக்ஸ்வாகனின் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களில்கூடப் பின்னால் டிரம்தான். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடும் காரில், வேலையில்லாத டிஸ்க் துருப்பிடித்துக் கிடக்கும்.

இனி பரிசோதனை. முன் பிரேக்கை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். டிஸ்க்கை இருபக்கமும் பிடிக்கும் தகடுதான் பேட். புது பேடில் உராயும் பொருள் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. ஆனால் மாற்றிவிட வேண்டும். வெளிப்பக்க பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் (பேடுகளை அழுத்தும் கவ்வி) நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப் பின் மறுபடி இறுகும். பேடைத் தள்ளும் பிஸ்டனை சி-கிளாம்பால் உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டேங்க் நிரம்பி வழியலாம், வழிந்தால் பெயின்ட் உரியும். காலிப்பரை ஹோஸில் (ஆயில் குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

டிரம்தான் கவனிக்கப்படாமல் கிடக்கும் இடம். மூடியிருப்பதால் யாரும் திறப்பதில்லை. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும்.

வண்டியை முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகுதான் டிரம் வரும். பல டிரம்களில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும். அவற்றில் எம்8 போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் உடையும். உள்விளிம்பில் படிக்கட்டு போலத் தேய்ந்து ஷூவில் மாட்டிக்கொண்டால், பின்தகட்டில் உள்ள ஓட்டை வழியே, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். சில கார்களில் டிரம்மோடு பேரிங்கும் சேர்ந்தே இருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுவது மேல்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பிறகு மூன்று விஷயம். ஷூவின் லைனிங் (உராயும் பொருள்) 1.5 மி.மீ.க்குக் கீழே போயிருக்கிறதா? ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கினால் உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா? டிரம்மின் உள்விட்டம் அதில் பொறித்த உச்ச அளவைத் தாண்டிவிட்டதா? ஆயில் குடித்த ஷூவை எமரி பேப்பரால் தேய்த்துக் காப்பாற்ற முடியாது. இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது கார் இழுக்கும்.

மாற்றும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கம் அப்படியே இருக்கும். இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை மாறுபடலாம், கலந்துவிடாதீர்கள். டிரம் கழன்றிருக்கும்போது பெடலை மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

பரவலாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் லூசாகிவிட்டது என்று கேபினுக்குள் கேபிள் நட்டை மட்டும் இறுக்குவார்கள். ஷூவை நெம்புகோல் எப்போதும் இழுத்தபடி இருக்க, தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்வது நின்றுவிடும். பெடல் கீழே போகும், டிரம் சூடேறும். டிரம்மைச் சுழற்றினால் ஷூ லேசாக உரசும் சத்தம் வரும் வரை முதலில் அட்ஜஸ்டரைச் சரிசெய்து, பெடலை இருபது முப்பது தடவை மிதித்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். லீவர் எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பதற்கு கார் கையேட்டில் பாருங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மூன்றாம் கியரில், காலை பெடலில் வைத்தபடி இறங்கினால் இந்த வித்தியாசம் பெடலில் பஞ்சு போலத் தெரியும்.

புது பேட், ஷூ போட்ட பிறகு காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். அரை நிமிட இடைவெளியில் பத்து தடவை. மழையில் ஓட்டிவந்து நாள்கணக்கில் நிறுத்தும்போது, சமதரை என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு முதல் கியரும் ஒரு கல்லும் போதும். ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுக்காமல், ரிவர்ஸில் ஒரு அடி, முன்னால் ஒரு அடி என்று மெதுவாக அசைத்தால் ‘டக்’கென்று விடும்.